எல்லாரும் போட்ட சேர்ட்

எங்கள் குடியிருப்பு ஆம்பிளைகளின் பழைய அடையாள அட்டைகளை வாங்கி வரிசையாக அடுக்கிப் பாருங்கள். முகங்கள் வேறு வேறு. சேர்ட் ஒன்றுதான். கோடு போட்ட முழுக்கைச் சேர்ட். கழுத்துப் பட்டன் வரை பூட்டியிருக்கும்.

நான் இப்போது கிளிநொச்சியில் ஒரு கார்மெண்டில் கொலர் தைக்கிறேன். நாள் முழுக்க என் கையால் சேர்ட்டுகள் போகின்றன. ஒன்றும் மனதில் நிற்காது. அந்த ஒன்றுதான் நிற்கிறது.

அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். சண்டை முடிந்து, முகாமிலிருந்து திரும்பி வந்து தகரக் கொட்டிலில் இருந்தோம். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் வயற்காரர். அவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துத் தண்ணீரை நம்பி வந்தவர்கள். நாங்கள் தேயிலை மலையிலிருந்து அடி வாங்கி வந்தவர்கள். நான் மலையைப் பார்த்ததில்லை. அப்பாவும் கைப்பிள்ளையாக வந்தவர்தான். ஆனாலும் வாய்க்காலைத் தாண்டினால் நான் தோட்டக்காட்டாள். எங்கள் ஆட்கள் அவர்கள் வயலில் வேலை செய்வார்கள். அவர்கள் கோயிலில் எங்களுக்குக் கடைசிப் பந்தி. அது அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். மழை மேலிருந்துதான் வரும் என்பது போல.

வோட்டு என்ற சொல்லை வீட்டுக்குள் கொண்டுவந்தவ அத்தை. அப்பாவின் கடைசித் தங்கச்சி. படித்து முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தா. குடியிருப்பின் இளம் ஆட்களைச் சேர்த்துப் பாலை மரத்துக்குக் கீழே ஒரு சங்கம் வைத்தா. சங்கத்துக்கு ஒரு சைக்கிள் இருந்தது. அதில் வீடு வீடாகப் போய், அடையாள அட்டை இருக்கா, பேர் பதிஞ்சிருக்கா என்று கேட்பார்கள். அநேகமாக இரண்டும் இருக்காது. சிலருக்குப் பிறப்புப் பதிவே இல்லை. சிலருக்கு இருந்தது எல்லாம் ஓடின வழியில் போய்விட்டது.

அப்பாவுக்கு இதில் பெரிய விருப்பம் இல்லை.

"வோட்டுப் போட்டா கெணறு வந்துடுமா?" என்று கேட்டார்.

"வராதுண்ணே. ஆனா கெணறு கேக்கப் போனா, நீ யாருன்னு கேக்க மாட்டாங்க."

அப்பா மண்வெட்டியைக் கழுவப் போனார். அது சம்மதம் என்று அத்தைக்குத் தெரியும்.

அத்தை கிராம அதிகாரியான விதானையாரின் வீட்டுக்கு நடந்த நடையில் அவருடைய நாயே குரைப்பதை விட்டுவிட்டது. கடைசியில் விதானையாரும் விட்டுவிட்டார். படம் எடுத்துக்கொண்டு வாங்கோ, கையெழுத்து வைக்கிறன் என்றார்.

டவுனிலிருந்து ஸ்டூடியோக்காரப் பொடியன் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். பாலை மரத்தில் வெள்ளை வேட்டியைக் கட்டி, முன்னால் ஒரு கதிரை போட்டார்கள். முதலில் அப்பா போய் இருந்தார். நிவாரணத்தில் கொடுத்த ரீசேர்ட். நெஞ்சில் ஒரு தண்ணீர்க் குழாய்ப் படமும் இங்கிலீசு எழுத்தும். எல்லா ஆம்பிளைகளிடமும் அதுதான் இருந்தது.

"அண்ணை, இதோட எடுத்தா அட்டைக் கந்தோரில திருப்பி விட்டிடுவாங்கள். கொலர் வேணும்."

"கழுத்து இருக்கே தம்பி. கொலர் எதுக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் ஒருவரிடமும் கொலர் இல்லை. பொடியன் கெமராவை மூடப் பார்த்தார்.

அப்போது பெரியம்மா எழும்பித் தன் கொட்டிலுக்குள் போனா.

பெரியம்மா அப்பாவின் அண்ணன் பெண்சாதி. பெரியப்பா இல்லை. ஒரே ஒரு மகன். எனக்கு அண்ணன். சண்டையின் கடைசி நாட்களில், சனத்தோடு சனமாகப் போகும்போது, அவன் எங்களை விட்டுப் பிரிந்துபோனான். வீட்டில் அண்ணன் வருவான் என்றுதான் சொல்வார்கள். வேறு விதமாக யாரும் என்னிடம் சொன்னதில்லை. ஆகையால் எனக்கு அவன் தூரப் பயணம் போன ஆள். எனக்கு அவனைப் பற்றி ஞாபகம் இருப்பது ஒன்றுதான். எங்கும் தண்ணீர். நான் அவன் தோளில் இருக்கிறேன். அவன் கழுத்து நனைந்திருக்கிறது. அதுவும் நடந்ததோ, நித்திரையில் கண்டதோ தெரியாது.

பெரியம்மா வெளியே வந்தபோது கையில் அந்தச் சேர்ட். புதுசு. கொலருக்குள் மட்டை வைத்து, மடிப்பில் குண்டூசி குத்தி, கடையில் இருந்த மாதிரியே இருந்தது.

"அண்ணி, அது..." என்றா அத்தை.

"இருக்கட்டும்."

ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தன் சட்டையில் குத்திக்கொண்டா. பிறகு அப்பாவுக்கு மாட்டிவிட்டா. தானே பட்டன் பூட்டினா. தோளைப் பிடித்து இழுத்துவிட்டு, இரண்டு அடி பின்னால் போய் நின்று பார்த்தா. அப்பா கழற்ற அடுத்தவர். அவருக்கும் அப்படியே. கட்டை ஆளுக்குக் கை தொங்கியது. தடித்த ஆளுக்குப் பட்டன் எட்டவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார். உயரமான இளம் ஆட்கள் வரும்போது பெரியம்மா கொஞ்சம் கூட நேரம் பார்த்துக்கொண்டு நின்றா.

"என்னா அண்ணி, பொண்ணு பாக்கவா அனுப்புறீங்க?" என்றார் அப்பா.

பெரியம்மா சிரித்தா. அவ சிரித்தது எனக்குச் சந்தோசமாக இருந்தது.

பின்னேரம் சேர்ட்டில் எல்லாருடைய வேர்வையும் இருந்தது. தோய்த்துக் கொடியில் போட்டா. நான் கீழே மண்ணில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். குளத்துப் பக்கமிருந்து காற்று வந்தது. சேர்ட் மெல்ல நிரம்பியது. முதலில் வயிறு, பிறகு நெஞ்சு, பிறகு இரண்டு கையும். யாரோ உள்ளே புகுந்து கையை நீட்டிச் சோம்பல் முறிப்பது போல. காற்று நின்றதும் அந்த ஆள் போய்விட்டார். திரும்பக் காற்று வந்தது, திரும்ப வந்தார். நான் எழும்பித் தலையை உள்ளே விட்டேன். உள்ளே வெளிச்சம் கோடு கோடாக இருந்தது. வெளியே கோழி கத்துவது தூரத்தில் கேட்டது. அப்படியே கொஞ்ச நேரம் நின்றேன். பெரியம்மா கண்டும் ஏசவில்லை.

அட்டைகள் வந்தன. பெயர்கள் ஏறின. தேர்தல் நாள் வந்தது.

வோட்டுப் போடுகிற இடம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம். எல்லாரும் குளித்து, விபூதி பூசி, வரம்பு வழியே வரிசையாகப் போனோம். வழி முழுக்க அத்தை ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தா.

"செருப்பக் கழட்டாதீங்க. அது கோயில் இல்ல. கையக் கட்டிக்கிட்டு நிக்காதீங்க."

தேயிலைத் தோட்டத்துக் கந்தோர் வாசலில் கை கட்டி நின்ற பழக்கம், அதைப் பார்க்காத பிள்ளைகளுக்கும் வந்திருந்தது. கேற்றுக்குப் போனதும் அப்பா செருப்பைக் கழற்றினார். அத்தை திரும்பிப் பார்த்தா. திரும்பவும் போட்டுக்கொண்டார்.

நான் கேற்றுக்கு வெளியே மதகுக் கட்டின் மேல் இருந்தேன். பள்ளிக்கூடத்துக்கு அரைச்சுவர்தான். உள்ளே நடப்பது தெரியும். அப்பாதான் முதல் ஆள். மேசைக்குப் போனார். அட்டையைக் கொடுத்தார். பின்னால் நின்றவரும் கொடுத்தார். அதோடு வரிசை நின்றுவிட்டது.

கட்சிக்காரரின் முகவர் ஒருவர் எழும்பி நின்று கத்திக்கொண்டிருந்தார். எனக்கு அவரைத் தெரியும். அப்பா வேலைக்குப் போகிற வயல் அவருடையது.

"எல்லா அட்டையிலும் ஒரே சேர்ட் ஐயா! ஒரு இடத்தில வைச்சுச் செய்த கள்ள அட்டை இது. தோட்டக்காட்டுச் சனம், எங்கயிருந்து வந்ததெண்டும் தெரியாது."

பொறுப்பதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். வெளியூர்க்காரர்.

"இவரை உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியும். என்ர வயலுக்கு வாறவன்தான். அதுக்காக ஊர் ஆள் எண்டு சொல்லேலுமோ?"

அப்பா கையைக் கட்டிக்கொண்டார். எங்கள் ஆட்களை ஒரு பக்கமாக நிற்கச் சொன்னார்கள். வயற்காரர்கள் அவர்களைத் தாண்டிப் போய் வோட்டுப் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் எங்கள் ஆட்களில் ஒருவர், வாங்க, வேலையப் பாப்போம் என்று கேற்றுப் பக்கம் திரும்பினார். இன்னும் இரண்டு பேர் பின்னால் திரும்பினார்கள். திரும்பிப் போவது எங்களுக்குப் பழகின வேலை.

அத்தை பெண்கள் வரிசையிலிருந்து வெளியே வந்து அவர்களுக்கு முன்னால் நின்றா.

"இன்னைக்குப் போனீங்கன்னா இனி எப்பவும் போறதுதான்."

பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பி வயற்காரரின் பேச்சில் சொன்னா.

"ஐயா, எங்களிட்டச் சேர்ட் ஒண்டுதான் இருந்தது. ஆக்கள் ஒண்டில்லை."

"அந்தச் சேர்ட் இப்பவும் இருக்கோ?"

"இருக்குதுங்க," என்றா பெரியம்மா. இடுப்பிலிருந்து தன் பெட்டித் திறப்பை எடுத்தா. என்னைப் பார்த்தா. "ஓடு."

ஓடினேன். உச்சி வெயில். வரம்பில் நான் ஓடினதாக ஞாபகம் இல்லை. நான் ஒரு இடத்தில் நிற்க, வரம்பும் வாய்க்காலும் பின்னால் ஓடின மாதிரித்தான் இருக்கிறது. தண்ணீரில் வானம் கிடந்தது. தும்பிகள் அசையாமல் நின்றன. என் மூச்சு வேறு யாருடையதோ போலக் கேட்டது.

பெட்டியைத் திறந்தேன். மேலே அந்தச் சேர்ட், மடித்தபடி. அதற்குக் கீழே இன்னும் சேர்ட்டுகள் இருந்தன. பொலித்தீன் பிரிக்காதவை. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு தீபாவளியின் கடைத் துண்டுச் சீட்டு ஒட்டியபடி. ஒன்றை விட அதற்குக் கீழே இருந்தது சின்னது. அதை விட அடியில் இருந்தது இன்னும் சின்னது. பெரியம்மா கடை போடப் போறா என்று நினைத்தேன். சேர்ட் அளவுகளைப் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது.

நான் திரும்பி வந்தபோது அத்தை கையை விரித்தபடி கேற்றில் நின்றா. ஒருவரும் போயிருக்கவில்லை.

அதிகாரி சேர்ட்டை அரைச்சுவரில் விரித்தார். ஒவ்வொரு அட்டையாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். பிறகு ஆளைப் பார்த்தார். தடித்த ஆளின் அட்டை வந்ததும், மூச்சைப் பிடிச்சனீரோ என்று கேட்டார். ஆமாங்க என்றார் அவர். வயற்காரர்களே சிரித்தார்கள். முகவர் சிரிக்கவில்லை.

"சேர்ட்டுக்கு வோட்டில்லை ஐயா. ஆளுக்குத்தான். இருங்கோ," என்றார் அதிகாரி.

சேர்ட்டை அதன் பழைய மடிப்பிலேயே மடித்தார். நல்ல மனுசன்.

"ஆற்ற சேர்ட் இது?"

"எம் மகனுதுங்க," என்றா பெரியம்மா.

"அவர் வோட்டுப் போட வரேல்லையோ?"

"வருவான்."

"நாலு மணிக்குப் பூட்டிடுவம். அதுக்குள்ள வரச் சொல்லுங்கோ."

அத்தை நிலத்தைப் பார்த்தா. அதிகாரி எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"சரிங்க," என்றா பெரியம்மா.

சேர்ட்டை என் கையில் தந்தார்கள்.

வரிசை நடந்தது. அப்பா முதலில் போட்டார். முகவரைத் தாண்டி வரும்போது அவர் முகத்தைத் திருப்பாமல் கேட்டார்.

"நாளைக்கு வயலுக்கு வருவியோ?"

"வருவேங்க."

வெளியே வந்து அப்பா மை வைத்த சுண்டுவிரலை மற்ற விரல்களிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நடந்தார். அடிபட்ட விரல் மாதிரி. வீட்டுக்கு வா என்று என்னைக் கூப்பிட்டார். நான் போகவில்லை.

எனக்கு அங்கே வேலை இருந்தது. நாலு மணிக்குள் அண்ணன் வரவேண்டும். வந்தால் போட்டுக்கொள்ளச் சேர்ட் வேண்டும். மதகுக் கட்டில் சேர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செம்மண் ரோடு. தூரத்தில் வெயில் தண்ணீர் மாதிரி ஆடியது. அதற்குள்ளிருந்து சைக்கிள்கள் வந்தன. முதலில் சில்லு இருக்காது, ஆள் மட்டும் மிதந்து வருவார். கிட்ட வந்ததும் வேறு யாரோ ஆகிவிடுவார். உயரமாக வந்த எல்லாரையும் அண்ணன் என்று எண்ணினேன். அவன் முகம் எனக்குத் தெரியாது. தோள் தெரியும். பார்த்தால் பிடித்துவிடலாம் என்று இருந்தேன்.

பெரியம்மா வோட்டுப் போட்டுவிட்டு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தா. என்ன செய்கிறாய் என்று கேட்கவில்லை. வீட்டுக்குப் போவோம் என்றும் சொல்லவில்லை. அவவும் ரோட்டைப் பார்த்தா. வெயில் சாய்ந்தது. மரநிழல் வந்து எங்கள் காலைத் தொட்டது, மடியில் ஏறியது, சேர்ட்டின் கோடுகளை மூடியது. நான் கொஞ்சம் நித்திரையானேன் போல.

கேற்றுச் சத்தத்தில் விழித்தேன். பொலிஸ்காரர் பூட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு அண்ணனில் கோபம் வந்தது. இவ்வளவு பேர் நடந்து, கத்தி, ஓடி எடுத்த வோட்டு. அவனுக்காகச் சேர்ட்டும் காத்திருக்கிறது. இந்த ஒரு நாள் நேரத்துக்கு வர முடியாதா? பிறகு வேறு ஒன்று தோன்றியது.

"பெரியம்மா, நாலு மணிக்குப் பூட்டுவாங்கன்னு அண்ணனுக்கு யாரும் சொல்லலையா?"

பெரியம்மா சேர்ட்டை என் மடியிலிருந்து எடுத்தா. உதறினா. முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனா.

"ஆமாடா," என்றா. "யாரும் சொல்லல."