தோற்றவர் கழுவும் பாத்திரம்

எங்கள் சமையலறை அலமாரியின் உச்சியில் ஒரு சதுர பிஸ்கட் டின் இருக்கிறது. உள்ளே பிஸ்கட் இல்லை. இருந்திருந்தால் என்னிடமிருந்து இத்தனை வருடம் தப்பியிருக்காது. பழைய நாட்காட்டித் தாள்களை வெட்டி, ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் தமிழில் பொருள் என்று எழுதி என் மனைவி நிரப்பிய டின் அது.

மலேசியாவில், ஜாசின் என்ற சிற்றூரில் நான் தொழிற்சாலை பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவள் ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் மீ நூடுல்ஸ் பிரட்டிக்கொண்டிருந்தாள். பாலர் பள்ளியில் உதவியாசிரியை ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. நேர்காணல் ஆங்கிலத்தில் நடக்கும் என்றார்கள். உடனே, பள்ளி நூலகம் கழித்துப் போட்ட குவியலிலிருந்து ஒரு புத்தகத்தைத் தூக்கி வந்தாள். நானூறு வருடத்துக்கு முந்திய இங்கிலாந்து நகைச்சுவை நாடகம். ஒருத்தி ஆண் வேடம் போடுவாள், ஊரே குழம்பும், கடைசியில் எல்லாருக்கும் கல்யாணம். இதிலுள்ள சொற்களை முழுதாகக் கற்றுவிட்டால் ஆங்கிலம் வந்துவிடும் என்று அவள் நம்பினாள். அந்த ஆங்கிலத்தை இப்போது இங்கிலாந்துக்காரனே பேசுவதில்லை என்று சொல்ல வீட்டில் விவரம் தெரிந்த ஆள் யாரும் இல்லை. நான்தான் இருந்தேன்.

மாலைச் சாப்பாடு முடிந்ததும் டின் மேசைக்கு வரும். ஆளுக்கொரு சீட்டு. எழுத்துக்கூட்டிப் பொருள் சொல்ல வேண்டும். தப்பென்றால் அவள் கரண்டியால் மேசையில் ‘டொக்’ என்று தட்டுவாள். தோற்றவர் பாத்திரம் கழுவ வேண்டும். ஒரு வருடம் முழுக்க நானே கழுவினேன். அவள் மனம் மகிழட்டும் என்று விட்டுக்கொடுத்ததாக நண்பர்களிடம் அளப்பேன். பொய். எனக்கு உண்மையாகவே தெரியாது.

நேர்காணல் முடிந்து வந்தவள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

“கதவத் தொறந்ததும் ‘ப்ரிதீ, மேடம், உள்ள வரலாமா’ன்னு இங்கிலீஷ்ல கேட்டேங்க. அந்தம்மா பேனாவக் கீழ போட்டுட்டுச் சிரிக்கிறாங்க லா!”

‘ப்ரிதீ’ என்றால் ‘தயவுசெய்து’. நாடகத்தில் பக்கத்துக்குப் பக்கம் வரும்.

“அப்ப வேல போச்சா, டீச்சரம்மா?”

“கெடச்சிருச்சு! பிள்ளைங்களும் இப்படித்தான் சிரிக்கும்னாங்க.”

பதினோரு வருடம் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு ஒரு காலை, தோசைக்கல்லுக்கு முன்னால் அவள் சரிந்தாள். பக்கவாதம். வலது கையும் பேச்சும் போயின. பழகிய சொற்களைத் தினமும் காட்டுங்கள், ஏதாவது ஒன்று அவரைத் தட்டி எழுப்பலாம் என்றார் பேச்சுப் பயிற்சி தந்த பெண்.

டின்னை இறக்கினேன். அவள் இடது கையில் கரண்டியைக் கொடுத்தேன். முதல் சீட்டே ‘ப்ரிதீ’. என் தப்பைத் திருத்தாமல் ஒரு நாளும் இருக்க முடியாதவள் அவள். அந்தக் குணத்தை நம்பி, வேண்டுமென்றே உளறினேன்.

“ப்ரிதீன்னா ஒரு மீனு, டீச்சரம்மா. சம்பல் வச்சா அருமையா இருக்கும்.”

கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு மெதுவாக, முழு நம்பிக்கையோடு, ‘சரி’ என்று தலையாட்டினாள்.

பஸ்ஸில் எண்ணெய் ஒழுகுகிறதா பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். பஸ்ஸில் எதுவும் ஒழுகவில்லை.

ஏழு மாதம் தினமும் தப்பாகவே சொன்னேன். அவளும் தினமும் தலையாட்டினாள். வாழ்நாள் முழுக்க அவளிடம் ஒரு முறையாவது ஜெயிக்க ஆசைப்பட்ட மடையன் நான். எட்டாம் மாதம், மழை பெய்த ஒரு மதியம், அவள் போய்விட்டாள்.

இப்போது டின்னிலிருக்கும் அத்தனை சொற்களும் எனக்கு மனப்பாடம். எதை எடுத்தாலும் எழுத்துப் பிசகாமல் சொல்வேன். நேற்று மாலை சாப்பிட்டு முடித்து ஒரு சீட்டை எடுத்தேன். ‘ப்ரிதீ’ வந்தது.

எதிர் நாற்காலியைப் பார்த்து, “மீனு” என்றேன்.

கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பிறகு சீட்டை டின்னில் போட்டு மூடிவிட்டு, எழுந்து போய் என் ஒரே தட்டைக் கழுவினேன்.