இருநூறு பேரில் ஒருத்தி

போன வருடம் கண்டியில் பெரஹரா திருவிழா முடிந்து, கூட்டம் கலைந்து, பஸ்ஸில் மறுபடி உட்கார இடம் கிடைக்கத் தொடங்கியிருந்த சமயம். குண்டசாலையில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பேங்கொக்கிலிருந்து மகன் போன் செய்தான். "அப்பா, டிக்கட் போட்டாச்சு. டிசம்பர்ல நத்தார் முடிஞ்சதும் நீங்களும் அம்மாவும் வர்றீங்க."

அவன் அங்கே ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறான். அந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டான். கல்யாணத்துக்கு எங்களால் போக முடியவில்லை. பேரனுக்கு இரண்டு வயதாகியும் போனில்தான் பார்த்திருந்தோம்.

எனக்கு எதற்கும் கவலைப்படும் சுபாவம். பெட்டி எடை கூடுமா, விமானத்தில் கால் வீங்குமா என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றிலும் பெரிய கவலை சம்பந்தியம்மா. கணவரை இழந்து, தனியாக இரண்டு இரும்புக்கடைகளை நடத்துகிறவர். தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அவரிடம் என்ன பேசுவது, எப்படிப் பேசுவது? தாய்லாந்து மொழியைக் கொஞ்சம் படிக்கட்டுமா என்று மகனிடம் கேட்டேன்.

"எதுக்குப்பா இந்த வயசுல மண்டைய ஒடைக்கிறீங்க? நான் இருக்கேன்ல. நீங்க தமிழ்ல சொல்லுங்க, நான் அவங்ககிட்ட சொல்லிர்றேன்."

என்மேல் உள்ள அக்கறை என்று நினைத்தேன். ஆனால் நான் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். என் காரியத்துக்கு இன்னொருவர் வாயைக் கடன் வாங்கிப் பழக்கமில்லை. அவனிடம் சொல்லாமலே படிப்பது என்று முடிவு செய்தேன்.

எங்கள் வீட்டுக்குச் சற்றுத் தள்ளி உள்ள பௌத்தப் பன்சலையில் தாய்லாந்துப் பிக்கு ஒருவர் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார். சிங்களம் நன்றாகப் பேசுவார். ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயிலிலிருந்து நேரே அவரிடம் போவேன். "கோயில்ல பாவசங்கீர்த்தனம், பன்சலையில பாடம். மேல ரெண்டு பக்கமும் எடம் புடிச்சு வைக்கிறீங்களாக்கும்" என்பாள் மனைவி.

அந்த மொழியில் ஒரே சொல்லை ஏற்றிச் சொன்னால் ஒரு பொருள், இறக்கிச் சொன்னால் வேறு பொருள். நான் எல்லாவற்றையும் ஏற்றியே சொல்வேன். "பாட வேண்டாம், பேசுங்கள்" என்று பிக்கு சிரிப்பார். எண்கள் மட்டும் சுலபமாகப் படிந்தன. கண்டிக்குப் போகும் வழியில் மின்கம்பங்களை அந்த மொழியில் எண்ணிக்கொண்டு போவேன். நத்தாருக்குள் நூற்றைம்பது சொற்களுக்கு மேல் வந்துவிட்டன.

"சம்பந்தியம்மாவிடம் முக்கியமாக என்ன சொல்ல வேண்டும்?" என்று ஒருநாள் பிக்கு கேட்டார். யோசிக்காமலே சொன்னேன். வத்தேகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் அம்மா கொழுந்து பறித்தவள். நான் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்து படித்து வந்தவன். அந்த அம்மாவும் உழைத்து முன்னுக்கு வந்தவர். இதைச் சொன்னால் எங்களுக்குள் ஒரு நெருக்கம் வரும் என்று நம்பினேன். பிக்குவின் முகம் மலர்ந்தது. அவருடைய அம்மா தென் தாய்லாந்தில் ரப்பர் பால் வெட்டுகிறவராம். "மே கோங் போம் கெப் சா" என்று சொல்லிக் கொடுத்தார். என் அம்மா தேயிலை பறித்தவள். குளிக்கும்போதும் அதைச் சொல்லிப் பார்த்தேன்.

பேங்கொக்கில் முதல் நாள் இராச் சாப்பாடு சம்பந்தியம்மா வீட்டில். நாங்கள் கண்டி டவுனில் வாங்கிக்கொண்டு போன தேயிலைப் பக்கெட்டை அவர் பிரித்து முகர்ந்து பார்த்தார். மகனிடம் ஏதோ கேட்டார். தேயிலை, தோட்டம், அப்பா என்ற மூன்று சொற்களும் எனக்குத் தெளிவாக விளங்கின. மகன் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, ஆமாம், அப்பாவின் தோட்டம்தான் என்றான். பிறகு 'ஸோங் ரோய்' என்றான். இருநூறு. இருநூறு வேலையாட்கள்.

மற்றச் சொற்களில் நான் தடுமாறலாம். எண்ணில் தடுமாற மாட்டேன்.

சம்பந்தியம்மா பேரனை மடியில் வைத்தபடி என் பக்கம் திரும்பினார். நிசமாகவா, இருநூறு பேரா என்று அவர் என்னிடமே நிறுத்தி நிதானமாகக் கேட்டார். மகன் உடனே குனிந்து, "பயணம் சொகமான்னு கேக்குறாங்கப்பா" என்றான்.

மருமகள் என்னைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கொண்டுபோன வாக்கியம் நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொன்னால் அந்த மேசையில் என் மகன் என்ன ஆவான் என்பதும் தெரிந்தது.

"க்ராப்" என்றேன். ஆமாம். "ஸோங் ரோய்."

மகனின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. சம்பந்தியம்மாவோ, நான் அவர் மொழியில் பேசிவிட்டேன் என்று கைதட்டிச் சிரித்தார்.

சாப்பாடு முடிந்ததும் மகன் என்னைப் பால்கனிக்குக் கூட்டிப் போனான். "எப்ப இருந்துப்பா வெளங்குது?"

"பெரஹரா முடிஞ்சதுல இருந்து."

"தோட்டத்து ஆளுங்கன்னு சொல்லியிருந்தா என்னைய வாசப்படி ஏத்தியிருக்க மாட்டாங்க."

"சொல்லிப் பாத்தியா?"

அவன் கீழே தெருவைப் பார்த்தான்.

"அந்த இருநூறு பேருல என்னைப் பெத்த ஒங்க அப்பாயியும் ஒருத்தியாடா?"

"சத்தமா பேசாதீங்கப்பா."

"இங்க யாருக்குடா தமிழ் வெளங்கும்?"

அவன் பால்கனிக் கதவை இழுத்துச் சாத்தினான். பிறகு, "தேங்ஸ்பா" என்றான். ஓர் அறை வாங்கியிருந்தால்கூட அவ்வளவு எரிந்திருக்காது.

ஊர் திரும்பிய பின் கதை முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடியவில்லை. எனக்கு மொழி தெரியும் என்பதால் சம்பந்தியம்மா இப்போது மகனை விட்டுவிட்டு என்னிடமே பேசுகிறார். ஞாயிறு தோறும் போன் வருகிறது. நல்ல மனுஷி. தோட்டத்தில் மழை பெய்ததா, கொழுந்து எப்படி, வேலையாட்கள் ஒழுங்காக வருகிறார்களா என்று அக்கறையாக விசாரிக்கிறார். நான் பதில் சொல்கிறேன். அதற்காகவே உரத்துக்கும் வறட்சிக்கும் சொற்கள் தேடிப் படித்தேன். இருநூற்றைம்பது சொற்களைத் தாண்டிவிட்டேன். ஏற்ற இறக்கம்கூடச் சரியாக வருகிறதாம்.

"தொரைக்கு இன்னைக்கு எத்தன கிலோ கொழுந்து?" என்று மனைவி ஆரம்பத்தில் கேலி செய்தாள். இப்போது கேலியும் இல்லை. போன் அடித்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.

அலுவலகத்தில் எத்தனையோ பேர் ஏளனமாகக் கேட்டபோதும், கொழுந்து பறித்தவளின் மகன் என்று தலை நிமிர்ந்து சொன்னவன் நான். தமிழில் மறைக்கவில்லை, சிங்களத்தில் மறைக்கவில்லை, ஆங்கிலத்திலும் மறைக்கவில்லை. எழுபது வயதுக்கு மேல் ஒரு நாலாவது மொழியைக் கஷ்டப்பட்டுப் படித்து, அந்த மொழியில்தான் என் அம்மாவை வாரா வாரம் மறைத்துக்கொண்டிருக்கிறேன்.