எந்தத் தண்ணீர் என்று கேட்டபோது

மிளகாய் நாற்றுமேடைக்கு இந்த முறை பங்கசுநாசினி நஞ்சு வேண்டாம் என்று மாமியிடம் மன்றாடியது நான்தான். மகள் தவழத் தொடங்கியிருந்தாள். மண்ணைக் கண்டால் வாயில் வைப்பாள். எங்கள் ஊர் நறுவிலிக்குளத்துக்கு வரும் விவசாயப் போதனாசிரியை, என்னைவிட இளையவள், ஒரு பொதி தூள் தந்தாள். மண்ணில் வாழும் பற்றீரியா. வேரைச் சுற்றிக் குடியேறி, நாற்றை அழுகவைக்கும் பங்கசை அண்டவிடாதாம்.

"உயிருள்ள சாமான், அக்கா. குளோரின் தண்ணியிலை மட்டும் கரைச்சுப்போடாதேங்கோ."

கொப்பியில் எழுதி வைத்தேன்.

மாமி சிரித்தார். "கிருமியைக் கொல்லக் கிருமியோ? படிச்ச மருமகள் எடுத்தால் இதுதான்."

விதை முளைத்த கிழமை வெள்ளம் கிணற்றுக்குள் இறங்கியது. சுகாதாரப் பரிசோதகர் வந்து அளவாகக் குளோரின் போட்டார். பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்துவிடுமோ என்ற பயத்தில், அவர் விட்டுப்போன மிச்சக் குளோரினையும் நான் அள்ளிப் போட்டேன். மறுநாள் பின்னேரம் அதே கிணற்றில் அள்ளிய தண்ணீரில் பற்றீரியாவைக் கரைத்து மேடை முழுக்க ஊற்றினேன். வாளியில் குளோரின் மணம் வந்தது. பிள்ளை அழுதுகொண்டிருந்தாள். இவ்வளவு மணம் பரவாயில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சில நாட்களில் நாற்றுகள் அடித்தண்டு கறுத்து, வரிசை வரிசையாகச் சாய்ந்தன. மாமி ஒரு பிடி பிடுங்கி என் மடியில் எறிந்தார். "கறி வை. உன்ரை படிப்பைத் தின்னுவம்."

போதனாசிரியை வந்ததும், அயல் பெண்கள் பார்த்திருக்க, மாமி அவளைப் பிடித்துக்கொண்டார். "உமக்கு ஆர், பிள்ளை, உத்தியோகம் தந்தது? மாவை அள்ளிக் கட்டிக்கொண்டு வந்து ஊரை ஏமாத்துறீரோ?"

அவள் குந்தியிருந்து ஒரு நாற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எந்தத் தண்ணியிலை கரைச்சனீங்கள், அக்கா?"

"குளத்துத் தண்ணி."

"கேட்டீரே? என்ரை மருமகள் பொய் சொல்லமாட்டாள்," என்றார் மாமி. கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து அவர் என் பக்கம் பேசியது அன்றுதான்.

"அப்ப தூளிலைதான் பிழை போலை," என்றாள் அவள். மற்ற வீடுகளுக்கென்று கொண்டுவந்த பொதிகளையும் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு போனாள். படலை வரைக்கும் நான் அவள் பின்னால் போனேன். படலையைச் சாத்திவிட்டுத் திரும்பினேன்.

அடுத்த நாளே மாமி புது விதை போட்டு, பழையபடி பங்கசுநாசினி நஞ்சை மேடையில் தெளித்தார்.

"பிள்ளையை இந்தப் பக்கம் விடாதை. கட்டி வை."

சீலைத் துண்டொன்றை மகளின் இடுப்பில் சுற்றி, மறு நுனியைக் கட்டில் காலில் முடிந்தேன். அவள் சிரித்துக்கொண்டே வாசலை நோக்கித் தவழ்ந்தாள். துணி இழுத்துப் பிடித்ததும் வீரிட்டாள். முடிச்சு இறுகியிருக்கிறதா என்று நான் இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தேன்.