முந்தானையில் மறைத்த கன்று

உபதேசியாரம்மாவை நினைத்தால், அவர் முகத்துக்கு முன்னால் ஒரு காய்ந்த இலையின் நுனிதான் எனக்கு நினைவுக்கு வரும். ரேஷன் கடை வாசலில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பெண்கள் பக்கத்தில் கடைசியாக உட்கார்ந்திருந்தார். நீலப் பூப்போட்ட புடவையின் முந்தானையைச் சுருட்டி மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டிருந்தார். அந்தச் சுருட்டலின் ஓரத்தில் நாவல் இலை ஒன்று பழுப்பாக எட்டிப் பார்த்தது. அதைக் கவனித்தது நான் ஒருத்திதான். கவனித்த பிறகும், அதற்குச் சற்று முன்பு நான் சொல்லியிருந்த பொய்யைத் திரும்பப் பெறவில்லை.

எங்கள் ஊர் சங்கராபுரத்திலிருந்து கல்வராயன் மலைக்குப் போகிற தடத்தில் இருக்கிறது. மலையில் மழை பெய்தால் எங்கள் ஏரிக்குத் தண்ணீர், இல்லாவிட்டால் இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். ஒரு பிள்ளைக்கும் ஓர் எழுத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை, ஆனாலும் ஊர் முழுக்க நான் டீச்சர். அம்மன் கோயில் தெரு மகளிர் குழுவுக்கும் நான்தான் தலைவி. மாதா கோயில் தெருப் பெண்களுக்கு அதேபோல் முன்னால் நின்றவர் உபதேசியாரம்மா. மாதா கோயிலுக்கு ஃபாதர் எப்போதாவதுதான் வருவார். மற்ற நாட்களில் ஜெபம் நடத்துவது உபதேசியார். அவருடைய மனைவி என்பதால் இவருக்கு இந்தப் பெயர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். எங்கள் தெருவில் அந்த வயதுப் பெண்களை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவரை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அது ஏன் என்று அப்போது யோசித்ததும் இல்லை.

ஓர் ஐப்பசி மழையில் ஏரிக்கரை சரிந்து, மலையிலிருந்து வந்த தண்ணீர் மொத்தமும் ஒரே நாளில் ஓடிப் போனது. மண்ணைப் பிடித்துவைக்கக் கரையில் ஒரு நல்ல மரம் இல்லை, எல்லாம் சீமைக்கருவேல முள். அப்போதுதான் அம்மன் கோயில்காரர்களும் மாதா கோயில்காரர்களும் முதல் தடவையாக ஓர் இடத்தில் உட்கார்ந்து பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு ஜெபம், வெள்ளிக்கிழமை எங்களுக்குக் கோயில், அதனால் சனிக்கிழமை கரை வேலை என்று முடிவானது. இரண்டு தெருவும் சேர்ந்து முள்ளை வெட்டியது. மலையடிவாரத்து நாற்றுப் பண்ணையிலிருந்து டிராக்டரில் புங்கங்கன்றும் நாவல் கன்றும் வந்தன. கோயில் பக்கத்துக் கரையில் நட்டதற்கு மஞ்சள் துணி கட்டினோம். மாதா கோயில்காரர்களின் பாகம், உபரித் தண்ணீர் வழிகிற கலிங்கைத் தாண்டிக் கரை வளைகிற இடம். அங்கே நட்டதற்கு வெள்ளைத் துணி.

யார் எதற்குத் தண்ணீர் ஊற்றுவது என்று பேச்சு வந்தபோது உபதேசியாரம்மா சொன்னது இன்றைக்கும் எனக்கு அப்படியே காதில் இருக்கிறது. "அவங்கவங்க கன்னுக்கு அவங்கவங்க ஊத்துனா, ஒரு பக்கம் காஞ்சா இன்னொரு பக்கம் சிரிச்சிக்கினு நிக்கும். மாத்தி ஊத்துவோம். அடுத்த வூட்டுப் புள்ளய நம்பி உட்டா யாரும் பட்டினி போட மாட்டாங்க இல்ல." எல்லோருக்கும் பிடித்துவிட்டது. நான்தான் முதலில் கைதட்டினேன்.

தையும் மாசியும் பங்குனியும் நன்றாகவே போயின. அவர்கள் தெருப் பெண்கள் மஞ்சள் துணிக் கன்றுகளுக்கு ஊற்றினார்கள், நாங்கள் அடிபம்ப்பில் குடம் நிறைத்து அவர்கள் தெரு வழியாக நடந்து வளைவுக்குப் போய் வெள்ளைத் துணிக் கன்றுகளுக்கு ஊற்றினோம். போகிற வழியில் உபதேசியாரம்மாவின் இரண்டு ஆடுகள் முளையில் கட்டியிருக்கும், ஒன்று செவலை, ஒன்று கறுப்பு. செவலைக்கு என்னைத் தெரியும். பள்ளிக்கூடத்தில் மிஞ்சிய கீரைத்தண்டை நான் கொண்டுபோய்ப் போடுவேன்.

சித்திரையில் அம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். அன்றைக்கே தர்மகர்த்தா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "காப்புக் கட்டுன வூட்டுப் பொம்பளைங்க பத்து நாளிக்கு கொடம் தூக்கிக்கினு அந்தத் தெரு வழியா போவக் கூடாது, பாத்துக்கம்மா." சரிங்க என்றேன். அவர்கள் எங்கள் கன்றுகளுக்கு ஊற்றலாமா என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தண்ணீரை வாங்கிக்கொள்ளத் தீட்டு இல்லை, கொடுக்கப் போனால்தான் தீட்டு போலிருக்கிறது. பத்து நாளும் அவர்கள் ஊற்றினார்கள்.

உபதேசியாரம்மா அப்போது ஊரில் இல்லை. மகள் பிரசவத்துக்காகக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போயிருந்தார்கள். மிச்சமிருந்தவர்கள் எங்கள் கன்றுகளுக்கு ஊற்றினார்கள், வளைவு எங்கள் பொறுப்பு என்று அந்தப் பக்கம் போகவில்லை. ஆனால் உபதேசியார் வீட்டில்தான் இருந்தார். நான் அவரிடம் ஓர் ஆளை அனுப்பி, "பத்து நாளைக்கு உங்க கன்னுக்கு நீங்களே ஊத்திக்கங்க" என்று சொல்லியிருந்தால் முடிந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். உங்கள் தெருவில் கால் வைத்தால் எங்கள் விரதம் கெட்டுவிடுமாம் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? கரையில் சேர்ந்து முள் வெட்டிய கை அது, ஒரே தூக்கில் மோர் குடித்த வாய். சொல்ல வெட்கப்பட்டேன். செய்வதற்கு வெட்கப்படவில்லை. இந்த வித்தியாசம் எனக்குப் புரியப் பல வருடம் ஆயிற்று.

பதினோராம் நாள், மஞ்சள் நீராட்டு முடிந்த கையோடு, குழுப் பெண்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வளைவுக்குப் போனேன். கத்திரி வெயில். வெள்ளைத் துணி கட்டிய அத்தனையும் நின்ற நிலையில் காய்ந்திருந்தன. இலைகள்கூட உதிரவில்லை, கசக்கினால் அப்பளம்போல் நொறுங்கின. யாரும் பார்ப்பதற்குள் மறைத்துவிட வேண்டும் என்றுதான் தோன்றியது. எல்லாவற்றையும் பிடுங்கிப் புதருக்குள் வீசினோம். வளைவின் கடைசியில் இருந்த ஒரு நாவல் கன்றை மட்டும் அவசரத்தில் விட்டுவிட்டோம் போலிருக்கிறது.

மறுநாள் சனிக்கிழமை. ஃபாதரும் வந்திருந்தார். வளைவுப் பக்கம் ஒரு கன்றும் இல்லையே, என்ன ஆயிற்று என்று பொதுவாகக் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஆடு மேஞ்சிட்டுதுங்க ஃபாதர்" என்றேன். எவ்வளவு இயல்பாக வந்தது தெரியுமா. தினமும் இருநூறு பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவள், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். நான் யார் பெயரையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை, அந்த முனையில் ஆடு வைத்திருந்தது ஒரே வீடுதான். கூட்டத்தின் கண் மொத்தமும் உபதேசியாரம்மா பக்கம் திரும்பியது. அப்போதுதான் நானும் திரும்பி, அந்த இலைநுனியைப் பார்த்தேன்.

அவர் காலையில்தான் ஊர் திரும்பியிருந்தார். வந்ததும் கரைக்குப் போய்ப் பார்த்து, நாங்கள் விட்டுவிட்ட அந்தக் கன்றைப் பிடுங்கி எடுத்து வந்திருக்கிறார். முந்தானையை விரித்து அந்தக் கன்றை நடுவில் போட்டிருந்தால் போதும். ஆடு மேய்ந்த கன்றில் இலை இருக்காது என்பது எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் தெரியும். அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கிற மாதிரி பார்த்தார். பிறகு ஃபாதரிடம், "எங்க ஆடுதாங்க ஃபாதர். நான் இல்லாதப்போ அவுத்துக்கினு போயிருக்கும். இனிமே ஆடு வெச்சிக்கல" என்றார். உபதேசியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். உபதேசியாரம்மா கையைக் காட்டி அவரை உட்கார வைத்துவிட்டார்.

அந்த வாரமே ஆடுகளைச் சந்தைக்குக் கொண்டுபோனார். பஸ் நிற்கும் இடத்துக்கு எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு பார்த்தேன். செவலை எங்கள் வாசலில் நின்று தலையைத் தூக்கிக் கத்தியது, கீரைத்தண்டு ஞாபகம். அவர் கயிற்றைச் சுண்டி, "வா கண்ணு, நேரமாவுது" என்று சொல்லி இழுத்துக்கொண்டு போனார். நான் வெளியே வரவில்லை.

அவர்கள் தெருப் பெண்கள் அதற்குப் பிறகும் எங்கள் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அடுத்த மழைவரைக்கும் ஊற்றினார்கள். பிறகு உபதேசியாருக்கு ரிஷிவந்தியம் பக்கம் ஒரு கிராமத்துக்கு மாற்றலானது. சில வருடம் கழித்துக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். தலை பாதி நரைத்திருந்தது. "டீச்சர், நல்லா கீறீங்களா" என்று அவர்தான் முதலில் கையைப் பிடித்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது வேறு. "அன்னிக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று காரணம் கேட்டேன், ஏதோ அவர்தான் எனக்குப் பதில் சொல்ல வேண்டியவர் மாதிரி.

"வேற இன்னா சொல்றது டீச்சர். அந்தக் கன்ன எடுத்துப் போட்டிருந்தா, எங்க தெருவுல ஒருத்தி உங்க கன்னுக்கு ஒரு சொம்பு தண்ணி ஊத்தியிருப்பாளா? பாதி போச்சி, மீதியாவது நிக்கட்டும்னு உட்டுட்டேன். ஆடு ரெண்டு தானே." என் கையை விடாமலே சொன்னார், "காப்புன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்களே ஊத்தியிருப்போம். எங்களுக்கு அது புதுசா இன்னா? அத்த எங்கிட்ட சொல்லக் கூச்சப்பட்டீங்க பாருங்க, அதான் எனக்கு ரொம்ப நாளு ஆறல." அவருடைய பஸ் வந்தது, நான் மன்னிப்புக் கேட்காமலே ஏற்றிவிட்டேன். போன வருடம் அவர் இறந்துவிட்டதாக யாரோ சொன்னார்கள். அடக்கம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

இப்போது கோயில் பக்கத்துக் கரையில் புங்கனும் நாவலும் கிளை கோத்துக்கொண்டு நிற்க, நிழல் விழுகிறது. ஆடி மாதம் மரத்துக்கெல்லாம் மஞ்சள் துணி கட்டுகிறார்கள். அம்மன் வளர்த்த மரம் என்று சொல்கிறார்கள். வளைவு மட்டும் மொட்டையாகவே கிடக்கிறது, வருடா வருடம் மண் சரிகிறது.

போன சனிக்கிழமை இரண்டு கோயில்காரர்களும் மறுபடி ரேஷன் கடை வாசலில் கூடினார்கள். வளைவில் கன்று நட வேண்டும். புதிய விழாக் குழுத் தலைவர் நல்ல மனிதர், வேலைக்காரர். "போன தபா ஆடு மேஞ்சிட்டுதாமே, மொதல்ல வேலி போடுவோம். டீச்சர் கூட இருந்தவங்க, இன்னா சொல்றீங்க டீச்சர்?" என்று கேட்டார். மாதா கோயில் தெருக்காரர்களும் ஆமாம், வேலி வேண்டும் என்றார்கள். அவர்களும் அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நானும் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

சித்திரையில் இந்த வருடமும் காப்புக் கட்டுவார்கள். அந்தப் பத்து நாள் வளைவுக் கன்றுகளுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், நான் வேலிக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். வாயால் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. அதனால் இதை எழுதியிருக்கிறேன். வருகிற சனிக்கிழமை ஃபாதர் கையில் கொடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிப் படிக்கச் சொல்லப் போகிறேன். உபதேசியாரம்மா அன்றைக்கு மடியில் மறைத்த கன்றை நான்தான் எடுத்து நடுவில் வைக்க வேண்டும். அதில் ஓர் இலைகூடக் குறையவில்லை.