பழைய வியாதிக்கும் சேர்த்து

வீம்பு என்றால் ஏற்காட்டு மலையில் கொட்டச்சேடு ஊர்ச் சசிரேகாவிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். புருஷன் போன பிறகு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தே மகள் பவித்ராவைப் படிக்க வைத்தாள், மலேசியாவுக்குக் கட்டியும் கொடுத்தாள். முடியவில்லை என்று ஒருத்தரிடமும் சொன்னதில்லை. இளைப்பு நோய் வந்தபோதும் அப்படித்தான். பனிக்காலத்தில் நாலெட்டு மேடேறினால் நெஞ்சு விசிலடிக்கும். வாயில் அடித்துக்கொள்ளும் மருந்தைச் சுருக்குப் பைக்குள் ஒளித்து வைத்திருப்பாள். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டருக்குக்கூடத் தெரியாது.

முக்கியமாக மகளுக்குத் தெரிந்துவிடக் கூடாது. போனில் பேசும்போது மூச்சு இழுக்க ஆரம்பித்தால், "சிக்னல் போச்சு கண்ணு" என்பாள். போனை அப்படியே மடியில் செருகிக்கொண்டு, உட்கார்ந்து இருமித் தீர்ப்பாள். மலையில் சிக்னல் போவதை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

இப்போது பவித்ரா மாசமாக இருந்தாள். போன தடவை கரு கலைந்தபோது பக்கத்தில் ஒரு நாதியில்லாமல் ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடந்தவள். சேதி வந்த அன்று சசிரேகா காப்பிச் செடிகளுக்கு நடுவில் நின்று அழுதாள், வேறென்ன செய்வாள்? இந்தத் தடவை தலைகீழாக நின்றாவது பிரசவத்துக்குப் போய்விட வேண்டும். பாஸ்போர்ட் வந்துவிட்டது. டிக்கெட்டும் மகள் போட்டுவிட்டாள். பாக்கி பயண இன்சூரன்ஸ் ஒன்றுதான். அதற்காகத்தான் ஏற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கம் கனகா வைத்திருக்கும் டிக்கெட் கடையில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"திடீர்னு காய்ச்சலு, அடிபட்டா எல்லாம் இதுலயே வந்துருமுங்க்கா," என்றாள் கனகா, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே. "அதுக்கு மேல வேணுங்கறதத் தனியாச் சேத்துக்கலாம். பொட்டி தொலைஞ்சு போச்சுன்னா அதுக்கு ஒண்ணு இருக்குது."

"அத மொதல்ல போடுங்க. பிரசவ லேகியம் கிண்டி வெச்சிருக்கறனுங்க. மொளகு, காப்பித் தூளு, கொழந்தைக்கு வசம்பு. பொட்டி போச்சுன்னா நான் போயி என்ன புண்ணியம்?"

கனகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பணந்தான் தருவாங்க, லேகியம் கிண்டித் தர மாட்டாங்க. சரிங்க்கா, பழைய வியாதி ஏதாச்சும் இருக்குதுங்களா? சக்கரை, பிரஷரு, இளைப்பு? இருந்தா அதுக்கும் சேத்தோணும். சேக்காம உட்டு, அங்க போயி வந்துச்சுன்னா கம்பெனிக்காரன் கைய விரிச்சிருவான். அப்புறம் எல்லாம் உங்க புள்ள தலையிலதான் விடியும்."

சசிரேகா சுருக்குப் பையை முந்தானைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டாள். பணம் கட்டுவது மகள். பாலிசியும் அவள் போனுக்குத்தான் போகும். இளைப்பு என்று பார்த்தால், 'நீ வர வேண்டாம்மா' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள். மறைத்துவிட்டுப் போய் அங்கே மூச்சு முட்டிக் கிடந்தாலோ, பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு அவள்தான் ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டும். பாழாய்ப்போன நெஞ்சே, கொஞ்ச நாள் சும்மா கிடந்தால்தான் என்ன?

"ஒண்ணுமில்லீங்க. கல்லுக்குண்டாட்டம் இருக்கறேன்," என்றாள்.

கடைப் படியேறி வந்தவள் பாதியில் நின்று நின்று வந்ததைக் கனகா பார்த்திருந்தாள். ஆனாலும் சொன்னதைத்தானே எழுத முடியும்? எழுதி, சரிபார்க்கச் சொல்லிப் பவித்ராவின் போனுக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் பவித்ராவே கூப்பிட்டுவிட்டாள். கனகா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, பழைய வியாதிக்கு ஏன் சேக்கல? அம்மாவுக்கு இளைப்பு இருக்குதுங்க்கா."

சசிரேகா துள்ளி எழுந்தாள். "எந்தப் பாவி கண்ணு உங்கிட்டச் சொன்னது?"

"நீதாம்மா! சிக்னல் போச்சுன்னு சொல்லிப்போட்டு போன மடியில சொருகிக்கறியே, ஒரு நாளாச்சும் கட் பண்ணியிருக்கறயா? நீ இருமறது, மருந்தடிக்கறது, முருகான்னு ஒக்காருறது, எல்லாம் எனக்குக் கேக்குது. உனக்கு மூச்சு நேராவற வரைக்கும் நானும் போன வெக்காமக் கேட்டுக்கிட்டேதான் இருப்பேன்."

சசிரேகாவுக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் வீண். மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தெரிஞ்சும் ஏஞ்சாமி என்னய வரச் சொன்னே?"



"எனக்கு நொம்பப் பயமா இருக்குதும்மா. போன தடவ மாதிரி தனியாக் கெடக்க முடியாது. நீ இளைப்போடயே வா. மருந்த மட்டும் பொட்டியில போட்டுறாத, கையிலயே வெச்சுக்க."

கனகா பழைய வியாதிக்கான கட்டத்தில் டிக் போட்டாள்.

சசிரேகா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். விம்மல்தான் வந்தது. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, பழக்க தோஷத்தில், "சிக்னல் போச்சு கண்ணு," என்றாள்.

"போகட்டும்மா," என்றாள் பவித்ரா. "நான் வெக்கல."