நான் சாப்பிடாத இலை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய், பிசாசு, காத்து, கருப்பு எதிலும் நம்பிக்கை கிடையாது. அன்னவாசலில் இருபத்தெட்டு வருஷமாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். மோட்டார் ஓடவில்லை என்றால் ஒன்று கரண்ட் வரவில்லை, இல்லை காயில் எரிந்துவிட்டது, இல்லை பேரிங் போய்விட்டது, அவ்வளவுதான். கிணற்று மேட்டில் முனி உட்கார்ந்து மோட்டாரை ஓடவிடாமல் பண்ணுது என்று சொல்லி வந்தவர்களை எல்லாம் நான் சிரித்து அனுப்பியிருக்கிறேன். அப்பேர்ப்பட்ட என்னைத்தான் இப்போது நாலு பேர் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் பார்ப்பீர்கள், தாராளமாகப் பாருங்கள், ஆனால் முழுதும் கேட்டுவிட்டுப் பாருங்கள்.

என் மகள் பானுவுக்கு ஒரு நல்ல வரன் வந்தது. சொந்த ஊர் அறந்தாங்கிப் பக்கம், இப்போது குடியிருப்பது கோயம்புத்தூர், மாப்பிள்ளை கம்ப்யூட்டர் வேலை. வந்து பூ வைத்துவிட்டுப் போனார்கள், நிச்சயம் மட்டும் பாக்கி. அந்த இடைவெளியில்தான் மாப்பிள்ளை போன் பண்ணி, "மாமா, ரெண்டு குடும்பமும் ஒரு நாள் ஒண்ணா சுத்திப் பாத்துட்டு வருவோம், வேன், கைடு, மத்தியானச் சாப்பாடு எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க" என்றார். காலையில் திருமயம் கோட்டை, மத்தியானம் ஒரு பழைய அரண்மனையில் சாப்பாடு, சாயங்காலம் குடுமியான்மலை. என் மாவட்டத்தை எனக்குச் சுற்றிக்காட்ட வெளியூரிலிருந்து ஒரு ஆளா என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. என் மனைவி செல்வி பார்த்த பார்வையில் முழுங்கிக்கொண்டேன்.

கைடு ஒரு சின்னப் பையன் மாதிரி இருந்தான், இடுப்பில் ஸ்பீக்கர், கன்னத்தை ஒட்டி மைக். கோட்டைக்கு மேலே பீரங்கியைக் காட்டி, "சார், நீங்க இதெல்லாம் பாத்திருக்க மாட்டீங்க" என்கிறான் என்னைப் பார்த்து. ஏனப்பா, அந்தக் கோட்டையைச் சுற்றி இருக்கிற தோப்பில் பாதி மோட்டார் நான் கட்டினது, தெரியுமா? ஆனால் பொறுத்துக்கொண்டேன். ஏனென்றால் எனக்கு முன்னால் சம்பந்தியம்மா பானுவின் கையைப் பிடித்துக்கொண்டு படி ஏறிக்கொண்டிருந்தார்கள். நடு வழியில் நின்று தன் முந்தானையால் பானுவின் நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டார்கள். தாயில்லாத பிள்ளை ஒன்றும் இல்லை என் மகள், ஆனாலும் அதைப் பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இந்த இடம் கைவிட்டுப் போகக் கூடாது என்று அப்போதுதான் உறுதியாக நினைத்தேன்.

அதற்கப்புறம்தான் அந்த அரண்மனை. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், திருமயத்திலிருந்து ரொம்ப தூரம் இல்லை. கைடு அரண்மனை அரண்மனை என்றான், உண்மையில் அது ஒரு பெரிய செட்டி வீடு, முன்வாசலில் நின்றால் பின்வாசல் அடுத்த தெருவில் தெரியும். சொந்தக்காரர்கள் எல்லாம் வெளியூரில், வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு வாட்ச்மேன் மட்டும். இரண்டாங்கட்டில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றி ஓடுகிற தாழ்வாரத்தில், பாய் விரித்து இலை போட்டிருந்தார்கள். எங்களோடு இன்னொரு வேனும் வந்து சேர்ந்ததால் இடம் பற்றவில்லை. கடைசியில் ஒரு தூண் மூலையில் எனக்கு இலை போடச் சொன்னான் கைடு. வாட்ச்மேன் என்னையும் இலையையும் மாறி மாறிப் பார்த்தார், ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது, அதற்குள் கைடு, "ஒக்காருங்க சார், டைம் ஆகுது" என்று விரட்டினான்.

எனக்கு அடுத்த இலையில் சம்பந்தியம்மா. அவர்கள் வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி, அவர் தள்ளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். செல்வியும் பானுவும் எதிர்ப்பந்தியில் அந்தக் கோடியில், தூண் மறைப்பில் எனக்கே அவர்கள் முகம் தெரியவில்லை. இலையில் தண்ணீர் தெளித்தேன். பரிமாறுகிறவர் கத்திரிக்காய்க் கூட்டு வாளியோடு வந்தார். "எனக்கு வேண்டாம்ங்க, ஒடம்பெல்லாம் அரிக்கும்" என்று கையைக் காட்டினேன். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான், ஒரு துண்டு பட்டாலும் கழுத்தெல்லாம் தடித்துவிடும். அவர் எனக்கு வைக்காமல் நகர்ந்தார். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

இலுப்பூரிலிருந்து ஒரு கஸ்டமர். உள்ளே சிக்னல் இல்லை, "இந்தா வந்துடுறேன்" என்று யாருக்கென்று இல்லாமல் பொதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து முன்வாசலுக்கு வந்து, வேனுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் நின்று பேசினேன். அந்த ஆள் விடுகிறானா, போர் மோட்டார் எரிந்ததற்கு நான்தான் காரணம் என்று ஒரே கத்தல், நானும் கத்தினேன். பதினேழு நிமிஷம். இப்போதும் என் போனில் இருக்கிறது, காட்டட்டுமா?

திரும்பி உள்ளே போனால் என் இலை மடித்துக் கிடக்கிறது. சாப்பிட்ட இலை. ஓரத்தில் ரசம் வழிகிறது. மடித்த விதத்தைச் சொல்கிறேன் கேளுங்கள். நல்ல நாளில் நாம் இலையை எப்படி மடிப்போம், மேல்பாதியை நம்மைப் பார்க்க மடிப்போம், உறவு தொடரட்டும் என்று. இது கீழ்ப்பாதியைத் தூக்கி எதிர்ப்பக்கம் மடித்திருந்தது, துக்க வீட்டில் மடிக்கிற மாதிரி. சம்பந்தம் பேசுகிற நேரத்தில், சம்பந்தியம்மா பக்கத்தில்!

"யாருங்க என் எலையில சாப்பிட்டது?" என்று கேட்டேன், கொஞ்சம் சத்தமாகத்தான்.

எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பரிமாறுகிறவர் சிரிக்கிறார், "என்னங்கய்யா, ரெண்டு தடவ சாம்பார் கேட்டு வாங்குனீங்க, கத்திரிக்காயும் பெறகு நீங்கதானே கேட்டீங்க."

"நானா? நான் வாசல்ல நின்னு போன் பேசிட்டு இப்பத்தான்யா வாரேன்."

சம்பந்தியம்மா பாயசத்தில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்கள். முகம் வெளுத்துப் போயிருந்தது. "நீங்க பேசிட்டு ஒடனே வந்துட்டீங்களேண்ணே. எம் பக்கத்துலதானே சாப்பிட்டீங்க. இப்பத்தான் கை கழுவ எந்திரிச்சுப் போனீங்க" என்றார்கள் மெதுவாக. அவர்கள் பார்வை இலையை விட்டு நகரவில்லை.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. பசி வேறு. கைடு என் தோளில் கை போட்டு, "சார், இன்னொரு எல போடச் சொல்றேன், எத்தன தடவ வேணா சாப்பிடலாம், இதுல என்ன இருக்கு" என்கிறான், ஏதோ நான் இன்னொரு பந்திக்கு ஆசைப்பட்டு நாடகம் போடுகிற மாதிரி. "ஒன் எலையும் வேணாம், ஒன் அரமனையும் வேணாம்" என்று கையை உதறிவிட்டுப் பின்பக்கம் போனேன். செல்வி ஓடிவந்து, "என்னங்க, மானத்த வாங்காதீங்க. தெரியாம அப்படி மடிச்சிட்டேன்னு சொல்லி ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டுருங்க" என்கிறாள். கட்டின பெண்டாட்டியே நம்பவில்லை என்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

குழாயடியில் வாட்ச்மேன் வந்து நின்றார். "அய்யா, அந்தத் தூணு மூலையில நாங்க எலை போடுறதில்லைங்க."

"ஏன்?"

"போடுறதில்லைங்க. எனக்கு முந்தி இருந்தவரும் போட மாட்டாரு. இன்னிக்கிக் கூட்டம்னு அந்தத் தம்பி போடச் சொல்லிருச்சு."

"இத நான் ஒக்காரும்போது சொல்றதுக்கென்ன, வாயில கொழுக்கட்டையா?" என்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். அதற்கு மேல் அவரிடம் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை, நானும் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தேன்.

குடுமியான்மலை போகவில்லை. சம்பந்தி, தலை வலிக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்றார். காலையில் பானுவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த சம்பந்தியம்மா இப்போது வேனில் சன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள், பானு மடியில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கவே இல்லை. வழியில் டீக்கடையில் வண்டி நின்றபோது நான் நாலு வடை சாப்பிட்டேன். "இன்னுமா பசிக்குது?" என்று கேட்டாள் செல்வி. அந்தக் கேள்வியை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

மூன்று நாள் அங்கிருந்து போன் இல்லை. நாங்கள் பண்ணினாலும் எடுக்கவில்லை. கெட்ட சகுனம் என்று ஒதுக்கிவிட்டார்கள் என்று செல்வி அழுதாள். பானு அழவில்லை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. நான் செய்யாத ஒன்றுக்கு என் பிள்ளையின் வாழ்க்கை போகிறதே, யாரிடம் போய்ச் சண்டை போடுவது சொல்லுங்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பானு போனை எடுத்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள். அன்றைக்கு மாப்பிள்ளை பந்தியைச் சுற்றி வீடியோ எடுத்திருக்கிறார், அதை இவளுக்கு அனுப்பியிருக்கிறார். தூண் மூலை வருகிற இடம் கொஞ்ச நேரம்தான். நான் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். நம்பினால் நம்புங்கள், நான்தான். என் நீலக் கட்டம் போட்ட சட்டை, என் மோதிரம், முன்வழுக்கை, எல்லாம். அப்படியானால் நான்தான் பொய் சொல்கிறேனா, எனக்குத்தான் மூளை குழம்பிவிட்டதா?

பானு வீடியோவை நிறுத்தி, பெரிதாக்கிக் காட்டினாள். "அப்பா, கையில பாருங்க. கத்திரிக்கா. வழிச்சு வழிச்சுச் சாப்பிடுறீங்க. ஒரு துண்டு பட்டாலே நீங்க ராத்திரியெல்லாம் சொறிஞ்சுக்கிட்டு ஒக்காந்திருப்பீங்க, அன்னிக்கி ஒண்ணுமே ஆகலையே. இது நீங்க இல்லப்பா."

நான் கடை என்றும் பார்க்கவில்லை, அழுதுவிட்டேன். உலகத்தில் ஒரு ஆளாவது நம்பினாளே. என் போனில் இருந்த பதினேழு நிமிஷத்தையும் வீடியோ எடுத்த நேரத்தையும் சேர்த்து அவளே மாப்பிள்ளைக்கு அனுப்பினாள். இரண்டும் ஒரே நேரம்.

ஒரு மணி நேரம் கழித்துச் சம்பந்தியம்மா கூப்பிட்டார்கள், என்னைத்தான் கேட்டார்கள். நான் போனை வாங்கியதும் வாசல், வேப்பமரம், கத்திரிக்காய் என்று ஆரம்பித்தேன். அவர்கள் குறுக்கே பேசினார்கள்.

"அண்ணே, அந்தக் கணக்கெல்லாம் எனக்குப் புரியல. எல மடிச்சதப் பாத்து எனக்கு மனசு விட்டுப்போச்சு, நெசந்தான். வேணாம்னுதான் இருந்தோம். ஆனா அதுக்கு முந்தி நீங்க எங்கிட்டச் சொன்னது மூணு நாளா என்னைத் தூங்க விடலண்ணே."

"நான் என்னங்க சொன்னேன்?"

"குனிஞ்சு மெதுவாச் சொன்னீங்களே. 'எம் புள்ளைய அழ வச்சிராதீங்கம்மா, நான் இருந்து பாக்கப் போறதில்ல'ன்னு. அப்படிக் கேட்ட மனுசன் வீட்டுப் பொண்ண வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரலண்ணே. நிச்சயத்த வச்சுக்குவோம்." குரலைத் தாழ்த்தி, "ஒடம்புக்கு ஏதாச்சும் இருக்காண்ணே? மறைக்காமச் சொல்லுங்க, நாங்க வேத்து ஆளு இல்ல" என்றார்கள்.

கல்யாணம் பிழைத்துவிட்டது, அது சந்தோஷம். ஆனால் என் மகளுக்காக நான் கேட்டிருக்க வேண்டியதை எவனோ ஒருத்தன் என் சட்டையைப் போட்டுக்கொண்டு கேட்டிருக்கிறான். எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றவே இல்லையே, நான் போனில் மோட்டாருக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேனே. அதோடு விட்டானா, நான் இருந்து பார்க்கப் போவதில்லையாம்! அதைச் சொல்ல அவன் யார்? புதுக்கோட்டைக்குப் போய் இசிஜி, ரத்தம், சர்க்கரை, ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்று, ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் எழுதியே கொடுத்திருக்கிறார். ஆவணியில் கல்யாணம், மண்டபம் பிடித்தாயிற்று, மணவறைக்கு நேர் எதிரே முதல் நாற்காலி எனக்கு. நான் உட்கார்ந்து பார்ப்பேன், எவன் தடுக்கிறான் என்று பார்க்கிறேன்.

ஒன்றே ஒன்றுதான். போன வாரம் செல்வி தனக்கும் பானுவுக்கும் என்று கத்திரிக்காய்க் கூட்டு வைத்திருந்தாள். எனக்கு ஒரு வீம்பு, அவன் நான் இல்லை என்று எனக்கே காட்டிக்கொள்ள வேண்டும் என்று, அவர்கள் இரண்டு பேரும் ஜவுளி எடுக்கப் போயிருந்த நேரத்தில் ஒரு கரண்டி போட்டுச் சாப்பிட்டேன். அரிக்கட்டும், தடிக்கட்டும், தெரிந்துபோகும் என்று சட்டையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அரிக்கவில்லை. பானுவிடம் இன்னும் சொல்லவில்லை.