எருக்குழிக்குள் ஓர் ஊறல்

அறுபதுகளின் இறுதியில், இண்டூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் தற்காலிக அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். மதுவிலக்கு அமலில் இருந்த காலம். பணி நிரந்தர ஆணை எந்த நாளும் வரலாம் என்றிருந்தது. ஒரு சிறு புகார் போதும், அது வராமலே போக.

மரத்திலும் சர்க்கரை உண்டு. கடுஞ்சூட்டை விரும்பும் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து அமிலமும் சாராயமும் ஆக்கும் என்று படித்திருந்தேன். மாணவியருக்குச் செய்து காட்ட ஆசை. மரத்தூளை நீர்த்த அமிலத்தில் வேகவைத்து, சுண்ணாம்பால் அமிலத்தை முறித்து, வடித்த நீரில் எருக்குழியின் நடுவிலிருந்து ஒரு பிடி எருவைக் கரைத்தேன். கை பொறுக்காத அந்தச் சூட்டில் வாழ்பவைதான் எனக்கு வேண்டியவை. அவற்றுக்கு அதே சூடு வேண்டுமே என்று, பானையின் வாயை இறுக மூடி, நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரம்மாவின் எருக்குழியிலேயே புதைத்தேன்.

கள்ளச்சாராயம் காய்ச்சுவோரும் தங்கள் பானைகளை எருக்குழியில்தான் புதைப்பார்கள் என்பதை நான் அறியேன்.

வாடையைப் பற்றி யாரோ சொல்லிவிட, ஏட்டு ஒருவர் வந்தார். “குழியில என்னங்க டீச்சர் இருக்குது?”

“மரத்தூள் ஊறல்” என்றேன். ஊறவைத்தது எதுவானாலும் எனக்கு ஊறல். காவல் நிலையத்தில் அச்சொல்லுக்கு ஒரே பொருள்தான்: சாராயம் காய்ச்சப் புளிக்கவைத்த சரக்கு.

வீட்டுக்காரம்மா எனக்காகப் பரிந்து பேசினார். “எங்க டீச்சரம்மா ஒளிச்சு மறைச்சு செய்யலீங்க. வூட்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் ஊறல் போட்டாங்க. வேலை நிரந்தரமாகற நேரமுங்க, பார்த்துச் செய்யுங்க.”

ஏட்டு பானையைத் தோண்டியெடுத்து மோந்து பார்த்தார். நான் தடுப்பதற்குள் விரலில் தொட்டு நாக்கிலும் வைத்துவிட்டார். “காடியாட்டம் புளிக்குது. என்னத்தைப் போட்டீங்க இதுல?”

பொய் சொல்ல வரவில்லை. “எரு” என்றேன்.

வேலியோரம் போய் வெகுநேரம் துப்பிவிட்டு வந்தார். “இது சாராயமே இல்லீங்க.”

நான் நிம்மதியடைந்திருக்க வேண்டும். ஆனால் என் சோதனை தோற்றுவிட்டதென்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னது மனத்தைத் தைத்தது. “சிறிதளவாவது இருக்கும், காய்ச்சி வடித்தால் தெரிந்துவிடும்” என்று விளக்கத் தொடங்கினேன்.

அவர் கையமர்த்தினார். “டீச்சரம்மா, நீங்க படிச்சது சரியாவே இருக்கட்டும். நான் புளிச்ச தண்ணின்னு எழுதிக்கறேன். வேலை வேணும்னா கொஞ்சம் பேசாம இருங்க.”

பேசாமல் இருந்தேன். பானையை அவரே குழியில் கவிழ்த்தார். பின்னர் ஆணையும் வந்தது.

எதையும் சோதித்து நிறுவுவதே கல்வி என்று எண்ணியிருந்த எனக்கு, ஒருவருடைய வாழ்வுக்காக ஓர் உண்மையைச் சோதிக்காமலே விட்டுவிடுவதும் கருணைதான் என்று காட்டியவர், வாயில் எருச்சுவையோடு சைக்கிளேறிப் போன அந்த மனிதர்.